எதுக்கு லீவு?

எங்கள் ஊரில் லீவு என்று சொன்னால் யாரும் உடனே சந்தோஷப்பட்டுவிடுவதில்லை. "எதுக்கு லீவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் வந்த பிறகுதான் சிரிப்பதா, ரோட்டுக்கு ஓடுவதா என்பது முடிவாகும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரே ஒரு சீசன் குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, இந்த ஊர் நடுநிலைப் பள்ளியிலேயே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அப்படியும் அவர்களிடம் ஏதாவது கேட்டுவிட்டு நானே வாயடைத்துப் போய் நின்ற நாட்கள் உண்டு. ஒருநாள் ஏழாம் வகுப்பில் 'லீவ்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பாடத்தில் அது ஓரிடத்தில் கிளம்பிப் போவதையும், இன்னோரிடத்தில் ஒரு பொருளை விட்டுவிட்டு வருவதையும், வேறோரிடத்தில் விடுமுறையையும் குறித்தது. மூன்றில் ஒன்றையாவது யாராவது சொல்லுவார்கள் என்று நினைத்தேன்.

"பள்ளிக்கூடம் கெடையாது டீச்சர்" என்றான் ஒருவன்.

"அம்மா வீட்டுல இருப்பாக டீச்சர்."

"கறிக்கொளம்பு டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து, "எங்கனயோ வெடிச்சிருச்சுன்னு அர்த்தம் டீச்சர்" என்றாள். சிரிப்பு நின்றுபோனது. அது தப்பு என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாடத்தில் இருந்த மூன்றையும் எழுதிப் போட்டுவிட்டு மணி அடிக்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும், சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறார். அவருக்கு லீவு என்பது பெட்டிக்குள் மடித்து வைத்த துணி போல. சி.எல். இருக்கிறது, ஈ.எல். இருக்கிறது, மெடிக்கல் இருக்கிறது. வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் துட்டி வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் அழுகை ஓய்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன நாளு லீவு போட்டிருக்கீக?" பெண்கள் கோயிலுக்குப் போகக் கூடாத நாட்களை வேனில் ஆம்பளை டிரைவர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தால், "எனக்குச் சாமி லீவு" என்பார்கள். டிரைவரும் ஒன்றும் புரியாதவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். என் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருமுறை லீவு லெட்டரில் "எங்கள் அம்மாவுக்குக் கம்பெனி லீவு, ஆகையால் எனக்கும் லீவு வேண்டும்" என்று எழுதிக் கொண்டுவந்தாள். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மனசு வரவில்லை. போ என்று அனுப்பிவிட்டேன்.

கம்பெனி என்று நாங்கள் சொல்வது பட்டாசுக் கம்பெனியை. அங்கேயும் லீவில் பல சாதி உண்டு. தீபாவளி முடிந்ததும் வருவது சீசன் லீவு. அடைமழை பிடித்தால் மழை லீவு. கோர்ட்டில் ஏதாவது தீர்ப்பு வந்துவிட்டால் கோர்ட்டு லீவு, அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டால், ஆட்களை அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டுவார்கள். அது செக்கிங் லீவு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இல்லாத ஒரு லீவும் இருக்கிறது. அதை "லீவு விட்டுட்டாக" என்று மட்டும் சொல்லுவார்கள். ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டால் சுற்றுப்பட்டியில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்புவார்கள் இல்லையா, அந்த லீவு.

சின்ன வயதில் எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கிறபோது ஒருநாள் பதினோரு மணிபோல எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "லீவு, லீவு" என்று கத்திக்கொண்டே பையைத் தலைக்கு மேல் சுற்றியபடி ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் ஊரே நின்றது. கூட்டத்தில் நின்ற எங்கள் அம்மாவிடம் போய், "யம்மா, லீவு!" என்றேன். பளாரென்று ஒரு அறை விட்டாள். வாழ்க்கையில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். என் அக்கா அப்போதுதான் கம்பெனியில் திரி ரூமுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் வழக்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கம்பெனி வண்டி வந்து நிற்கும். பெண்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். இறங்குகிறவள் தன் வீட்டு ஆளைப் பார்த்ததும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கட்டிப் பிடிக்கிறது, அழுகிறது, "நல்லவேள தப்பிச்ச" என்று சொல்வது எதுவும் கிடையாது. தன் ஆள் வந்துவிட்டது என்று யாரும் வீட்டுக்குக் கிளம்பவும் மாட்டார்கள். கடைசி வீட்டு ஆள் வந்து சேரும் வரை ஊர் மொத்தமும் ரோட்டில் நிற்கும். அக்கா இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். எனக்குப் பசித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "பேசாம நில்லு" என்று அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கரேலென்று இருந்தது, ஈரமாகவும் இருந்தது.

அந்தக் கை அப்படித்தான் ரொம்ப காலம் இருந்தது. வெடிக்கு வைக்கிற திரிக்குக் கரிமருந்தைக் கஞ்சியோடு குழைத்து நூலில் பூசுவார்கள். அதனால் திரி ரூமில் தண்ணீர்தான் சாமி. மருந்து காய்ந்தால் பயம், நனைந்து கிடந்தால் பயமில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது மிச்சமிருக்கும் மருந்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு வருவாள். வருஷக்கணக்கில் கையே அதைச் செய்து பழகிவிட்டது. சரவெடிக்குத் தடை வந்த பிறகு திரி வேலை குறைந்துபோனது. அவளைப் பேன்சி ரூமுக்கு மாற்றினார்கள். வானத்தில் போய் கலர் கலராகப் பூக்கிறதே, அந்த வெடிக்கு மருந்து அடைக்கிற ரூம். ஒரு ரூமுக்கு நான்கு பேர். எல்லாரும் எங்கள் ஊர்ப் பெண்கள்தான்.

நான் சொல்ல வந்தது போன சீசனில் நடந்தது. தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் ஒரு தூறல் போடும். அந்த மாதிரிக் காலம்.

எங்கள் பள்ளி பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கிறது. ஆறாம் வகுப்பு ஜன்னலில் நின்றால் ரோடு தெரியும். மூன்றாவது பீரியடில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கம்பெனி வண்டி வந்து நிற்பதைப் பார்த்தேன். சாயங்காலம் வர வேண்டிய வண்டி. கையிலிருந்த சாக்பீஸ் விழுந்துவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லையே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று என்னென்னவோ ஓடியது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். என் அக்கா எனக்குத் தாய்க்குச் சமம். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிப் பூ வைத்து, விருதுநகரில் கல்லூரிக்கு அனுப்பி, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவள்தான்.

கதவு திறந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ரோட்டுக்கு ஓடிவந்த எங்கள் மூஞ்சிகளைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! செக்கிங்கு வருதாம். லீவு விட்டுட்டாக."

"நாசமாப் போறவளுகளா, ஜன்னல்ல தலைய நீட்டிச் சொல்லிக்கிட்டே வந்தா என்னவாம்? எங்க உசுரு போயி உசுரு வந்துருச்சு!" என்று கத்தினேன். ஒரு டீச்சர் பேசுகிற பேச்சா அது? அக்கா என் தோளில் கைபோட்டு, "ஏ புள்ள, ரோட்டுல நின்னு கத்தாத. சாயங்காலம் வீட்டுக்கு வா, கறி எடுக்கேன்" என்றாள்.

சாயங்காலம் போனேன். என் வீட்டுக்கு அடுத்த வீடுதான் அவளுடையது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். சீசன் நேரத்தில் பகல் வெளிச்சத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆளே பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அரைத்துக்கொண்டே கம்பெனிக் கதையைச் சொன்னாள். போர்மேன் அண்ணன் ஒவ்வொரு ரூமாக ஓடிவந்து கையைத் தட்டி, "லீவு லீவு, கெளம்புங்க தாயி, வெரசாக் கெளம்புங்க" என்றாராம். செருப்பை மாட்டக்கூட நேரமில்லையாம். போர்மேன் எங்கள் ஊர்க்காரர்தான். அக்காவுக்கு அண்ணன் முறை. சாதாரணமாக அங்கே யாரும் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. அவரே ஓடினார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப கலந்து வச்ச மருந்து?" என்று கேட்டேன். காலையில் கலந்த மருந்தை அன்றைக்கே அடைத்து முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அது பாதிக்கு மேல அப்பிடியே கெடக்கு. அண்ணன் காலையில வந்து அப்புறப்படுத்திருவாக. நான் சும்மா வரல புள்ள. வாசல்ல தீவாளி இருந்துச்சுல்ல..." என்றவள், தானே சிரித்து, "தீ வாளி" என்று திருத்திக்கொண்டாள். தீப்பிடித்தால் ஊற்றுவதற்கு ஒவ்வொரு ரூம் வாசலிலும் தொங்குகிற சிவப்பு வாளி. "அதுல சாக்க முக்கி மருந்து மேல போட்டு மூடிட்டுத்தான் வந்தேன்."

சொல்லி முடித்ததும் அரைத்த கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

திரி மருந்துக்குத் தண்ணீர் சாமி என்றேன் இல்லையா, பேன்சி மருந்துக்குத் தண்ணீர் எமன். அதில் அலுமினியப் பொடி இருக்கிறது. ஈரம் பட்டால் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம் யாராவது தொட்டால் போதும், சில சமயம் தொடவும் வேண்டாம். அந்த ரூமுக்கு வந்த முதல் நாளே இதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் எனக்கே சொன்னாள். ஆனால் "கெளம்புங்க, கெளம்புங்க" என்ற அவசரத்தில் பழைய கை பழைய வேலையைச் செய்துவிட்டது.

"ஆத்தாடி" என்றாள் அக்கா. "நான் என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்கேன்!"

மசாலாக் கையோடு போனை எடுத்தாள். போர்மேன் அண்ணன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செக்கிங் என்றால் மேனேஜரிலிருந்து எல்லாரும் போனை அணைத்துவிட்டு எங்காவது போய்விடுவார்கள், அதுவும் ஒரு வழக்கம். கேட்டில் பூட்டு. வாட்ச்மேனையும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "போலீசுக்குச் சொல்லிருவோம்" என்றேன்.

"அதுக்குப் பயந்துதான பூட்டிட்டுப் போயிருக்காக. போலீசு போச்சுன்னா தீவாளி வரைக்கும் ஊருக்கே லீவுதான். அம்புட்டு வீட்டுலயும் நம்மள வைவாக."

"வையட்டுமே! செத்தா மட்டும் வையமாட்டாகளா?"

"கத்தாத புள்ள. ரூமுல ஆளு இல்ல. வெடிச்சாலும் கூரதான் போகும். காலையில ஆளுக போறதுக்குள்ள அண்ணங்கிட்ட சொல்லிட்டாப் போதும்."

இரண்டு பேரும் போர்மேன் வீட்டுக்குப் போனோம். மதினி, அதாவது அவர் மனைவி, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்போதும் சிரித்த முகம். "வாங்க, வாங்க. லீவுன்னதும் அக்காளும் தங்கச்சியும் ஊரு சுத்தக் கெளம்பிட்டீகளா?" என்றாள். அண்ணன் எங்கே என்று அக்கா கேட்டாள். மேனேஜரோடு காரில் விருதுநகர் போயிருப்பதாகவும், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் நேரே கம்பெனிக்குப் போய்விடுவார் என்றும் மதினி சொன்னாள். "பைக்கு கம்பெனியிலதான் நிக்குது. நாளைக்கு வேல முடிஞ்சு அதுலதான் வருவாக."

அக்கா சாக்கு விஷயத்தைச் சொன்னாள். மதினியும் சில வருஷம் கம்பெனிக்குப் போனவள்தான். கீரையைக் கீழே வைத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "போனு போட்டாகன்னா ஒடனே சொல்லிருதேன்" என்றாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "ஒருவேள நான் பேச முடியலன்னா காலையில நீ அவுககிட்ட மொத வேலையாச் சொல்லிரு தாயி. மறந்துராத" என்றாள். நாங்கள் திரும்பி நடக்கும்போது தூறல் போட ஆரம்பித்தது. அன்றைக்கு வைத்த கறிக்குழம்பை இரண்டு பேருமே தொடவில்லை.

காலையில் நான் எழுந்ததும் நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவள் குளித்து, பருத்திச் சேலை கட்டி, கொலுசு, வளையல் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மதினிக்குப் போன் வரவில்லை என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"யக்கா, இன்னைக்கு நீ லீவு போடு."

"நகரு புள்ள, வண்டி வந்துரும்."

"லீவு போடுன்னு சொல்றேன்ல. காய்ச்சல்னு சொல்லு, என்னத்தையாவது சொல்லு. நான் போயி அந்த வண்டிக்காரர்ட்ட சொல்லி அனுப்புறேன்."

"சாக்கு நனஞ்சு கெடக்குன்னு வண்டிக்காரரு சொன்னா எவன் கேப்பான்? நான் சொன்னாத்தான் கேப்பாக." தூக்குவாளியை மூடினாள். "நான் லீவு போட்டா என் எடம் சும்மா கெடக்குமா? வேற ரூமுலருந்து ஒருத்திய கூப்பிட்டு உக்கார வைப்பாக. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நேரே போயி சாக்கத் தூக்குவா. சொல்லு, நான் லீவு போடட்டுமா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் என் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, "மத்த மூணு பேருக்கும் வண்டியிலயே சொல்லிருதேன். அண்ணன் வந்து பாக்குற வரைக்கும் நாங்க யாரும் படி ஏற மாட்டோம். போதுமா? போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

முதல் பீரியடில் என்ன நடத்தினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ரோடு காலியாகக் கிடந்தது. ராத்திரி பெய்த தூறலுக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள், இந்நேரம் சொல்லியிருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மணி அடித்தது, இரண்டாவது பீரியடும் அதே வகுப்புதான். பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. தூரத்தில் பெரிய இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்திய மாதிரி ஒன்று. ஜன்னல் கம்பி அதிர்ந்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். மேற்கே புகை எழும்பியது, வெள்ளையாக, நேராக. எந்தக் கம்பெனி என்று புகையின் திசையை வைத்தே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

ஹெட்மாஸ்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "லீவு விட்டாச்சு" என்றார். ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை, ஓடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே நடந்தார்கள். நேரே பஸ் ஸ்டாப்புக்குத்தான் போனார்கள்.

எப்படி ரோட்டுக்கு வந்தேனோ தெரியாது. ஊரே அங்கே நின்றது. ஆம்பளைகள் போனில் யாரையோ பிடிக்கப் பார்த்தார்கள். பிடிக்க முடியவில்லை. கம்பெனிக்குள் நெருப்புக்குப் பயந்து பெண்களின் போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டி மேற்கே போனது. எனக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், மதினி தனியாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வண்டி வந்தது. கதவு திறந்தது. ஒருத்தி இறங்கினாள், இன்னொருத்தி இறங்கினாள். இறங்க இறங்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மூச்சு விடும் சத்தம். அக்கா இறங்கவில்லை. வண்டிக்குள் ஏறிவிடலாம் என்று அடியெடுத்து வைத்தேன். அப்போதுதான் கடைசி சீட்டிலிருந்து அந்த ரூமுப் பெண்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக அக்கா. தலையெல்லாம் சாம்பல். என்னைப் பார்த்ததும் தலையசைக்கவில்லை. என் தோளைப் பிடித்து, காதோரம், "அண்ணன் போயிட்டாகடி" என்றாள்.

என் அக்கா உயிரோடு வந்துவிட்டாள். அந்த நிமிஷத்தில் எனக்குள் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை மெல்ல விலக்கிவிட்டு ரோட்டைத் தாண்டி மதினியிடம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

மதினி அக்காவின் முகத்தைப் பார்த்தாள், சாம்பலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "சாக்கப் பத்தி அவுககிட்ட சொன்னியா?"

"சொன்னேன் மதினி. எறங்குனதும் மொத வேலையாச் சொன்னேன். மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. வஞ்சாக. அப்பறம் நாலு பேரையும் வேப்ப மரத்துக்கிட்ட போயி நிக்கச் சொன்னாக. நான் கூட வாரேன்னேன். 'நீ வராத தாயி, நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டு, மணல் வாளிய எடுத்துக்கிட்டு அவுக மட்டும்..." அக்கா தன் கையைப் பார்த்தாள். "நனச்சுப் போட்டது நான் மதினி. போனது அண்ணன்."

மதினி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். "சொன்னாக் கேப்பாக" என்றாள். "எடுத்துச் சொன்னா அவுக கேப்பாக."

"மதினி, அண்ணன் வரமாட்டாக."

"பைக்கு அங்கனதான நிக்குது" என்றாள் மதினி, மேற்கே ரோட்டைப் பார்த்தபடி. "அவுக வண்டியில வரமாட்டாக. பைக்குலதான் வருவாக."

அக்கா அவள் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அக்காவின் பக்கத்தில் நின்றேன். கம்பெனி வண்டி காலியாகித் திரும்பிப் போய் வெகு நேரமாகிவிட்டது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஊரில் ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகவில்லை.